என்ன சொன்னார் என்று பாஸ் கேட்பார்

தம்பி,

உன் பெட்டிக்குள் வைத்த கம்பளிச் சட்டையை உன் அம்மா முந்தாநாள் மறுபடி வெளியே எடுத்துவிட்டாள். கோபத்தில் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கழுத்துப் பக்கம் தையல் விட்டிருக்கிறது, சரி செய்ய வேண்டும் என்றாள். ஊசியில் நூலைக் கோர்த்துவிட்டுத் தைக்காமலே உட்கார்ந்திருந்தாள். உன் கடிதம் மேசைமேல் கிடந்தது. கப்பல் புறப்படும் நாள், இங்கிலாந்தில் உனக்குக் கிடைத்திருக்கும் புலமைப்பரிசில், அங்கே தங்கப்போகும் வீடு, அந்த ஊர்க் குளிர் எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஓர் இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். "கொட்டகலை விபத்து பற்றிய விசாரணைக்கு என்னிடமும் வாக்குமூலம் கேட்டார்கள். விரிவுரையாளர் அன்று தச்சுப் பட்டறை பாஸிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்பது ஞாபகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதனால் யாருக்கும் தீங்கில்லை."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லையாமா? அஞ்சு வயசுல வெறகுக் குச்சியால ஒரே ஒரு தடவ அடிச்சேன். அத இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். போன மாசம் நடந்தது ஞாபகம் இல்லையாமா?" என்றாள். உன்னிடம் பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீ ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் ஒரு தகப்பன் எழுதுகிற கடிதம் வேறு மாதிரி இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் தலை நனையாதே என்று எழுதலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். என்னால் முடியவில்லை.

ஹட்டன் நீதிமன்றத்தில் செய்தியாளர் வாங்குப் பலகையில் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையிலேயே மறந்துபோன ஆளைப் பார்த்தால் தெரியும். அவர் நெற்றியைச் சுருக்குவார், கூட இருந்தவர்களைக் கேளுங்கள் என்பார், ஒன்றைச் சொல்லிவிட்டு இல்லை இல்லை என்று திருத்துவார். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறவர்தான் கேள்வி முடியும் முன்பே தெளிவான குரலில் ஞாபகம் இல்லை என்பார். அந்த வரியைப் பார், தம்பி. எழுத்து வழக்கத்தைவிட அழகாக இருக்கிறது.

உனக்கு மறந்துவிட்டதால், அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி நீயே சொன்னது. அன்று மாலை கொட்டகலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாய். காற்சட்டையில் முழங்கால்வரை சேறு. அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாய். பிறகு நானும் தொழில் பழக்கத்தில் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். கூரையிலிருந்து விழுந்த மாணவப் பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக் கேட்டேன். அதனால் நீ சொன்னதையும் நான் கேட்டதையும் கலக்காமல் எழுத முடியும்.

உங்கள் கொழும்புக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு சின்னக் கட்டடத்தைத் தங்கள் கையாலேயே கட்டிப் பழக வேண்டும். இந்த முறை கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை. பழைய காம்பரா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசித் தொங்கலில், புகை போக வழியில்லாத ஓர் இருட்டறை. அதைக் கல்லூரிக்காரருக்குக் காட்டி, இங்கே கட்டுவோம் என்று கேட்டவன் நீ. அன்றைக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. சுவர் எழும்பி, கைமரங்களும் ஏறியாகிவிட்டது. தகரம் போடுவதுதான் மிச்சம். அந்த மத்தியானம் தோட்டத்துத் துரை பங்களாவில் விரிவுரையாளருக்குச் சாப்பாடு. காரில் ஏறுமுன் அவர் உன்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். கூரை வேலை நிற்கக்கூடாது. பின்னேரம் துரையை அழைத்துவந்து காட்டப்போகிறேன், அதற்குள் தகரம் ஏறியிருக்க வேண்டும். நான் வரும்வரை பையன்களுக்குப் பொறுப்பு பாஸ்தான், அவரிடம் சொல்லிவிடு. உன்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பாஸுக்கு ஆங்கிலம் தெரியாது. விரிவுரையாளருக்கு ஒரு தாய்மொழி இருந்திருக்கும். ஒரு தச்சரிடம் நாலு வார்த்தை பேசும் அளவுக்கு அது அவரிடம் மிச்சமில்லை.

கார் போனதும் பாஸ் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு உன்னிடம் வந்தார். "மொகத கிவ்வே?" என்று கேட்டார். என்ன சொன்னார் என்று அர்த்தம். ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்தவன் நீ, சிங்களம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விரிவுரையாளர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாய். பாஸ் மலையைப் பார்த்தாராம். மூட்டம் ஏறிக்கொண்டிருந்ததாம். இன்றைக்கு வேண்டாம், தகரம் வழுக்கும், காலையில் ஏற்றுவோம் என்றாராம். "சேர் சொல்லிட்டுப் போயிட்டாரே பாஸ், துரை வேற வர்றாரு" என்று நீ சொன்னாயாம். பாஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முனகியதை அடுப்படியில் எழுந்து நின்று நடித்துக் காட்டினாய். உன் அம்மா சிரித்துக்கூட விட்டாள். ஒரு பையனுக்குக் கால் முறிந்ததை நீ இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பாஸ் பையன்களுக்கு இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற்றினார். முகட்டின் அந்தப் பக்கம் போகக் கயிறு எட்டாததால், விழுந்த பையன் அதை அவிழ்த்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவனே எனக்குச் சொன்னான். "அவுக்காதடான்னு கீழ இருந்து கத்துனாருங்க. நான் கேக்கல. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், அவரு நம்ப மாட்டேங்கிறாரு." அவனுடைய அப்பா கொழும்பில் பெரிய ஆள். பெரிய ஆளின் பிள்ளைக்குக் கால் முறிந்தால் யாராவது ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும், அந்த ஒருவர் சின்ன ஆளாகவும் இருக்க வேண்டும்.

பாஸ் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டத்தைப் பார்த்த பிறகும் பையன்களை மேலே ஏற்றியது பிழை. எவன் சொல்லியிருந்தாலும் இறக்கியிருக்க வேண்டும். அவருக்குக் கொஞ்சம் வீம்பும் உண்டு. துரைக்கு முன்னால் முடிந்த கூரையைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுக்கட்டும், அவரும் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, அவர்மேல் சுமத்தியிருக்கும் குற்றம் வேறு. அந்தக் காகிதத்தை அவர் நேற்று என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். பட்டறை உதவியாளராகிய நீர், ஆசிரியர் அல்லாதவராக இருந்தும், மாணவருக்குப் பாடம் நடத்தினீர். எவருடைய உத்தரவும் இல்லாமல் மாணவரை வேலை ஏவினீர். இதுதான் குற்றச்சாட்டு. வியாழக்கிழமை விசாரணை. இதற்குப் பதில் இல்லையென்றால் வேலை போய்விடும்.

முதல் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு எரிந்தது. பாடம் நடத்தினாராம், அது குற்றமாம். அப்படியானால் நீ யாரிடம் படித்தாய், தம்பி? முதல் வருட விடுமுறையில் வந்தபோது உன் கையெல்லாம் கொப்புளம். அம்மா பதறிப்போய், படிக்கப் போனாயா, மரம் வெட்டப் போனாயா என்று கேட்டாள். "பட்டறையில ஒரு பாஸ் இருக்காரும்மா. இழைப்புளிய நாமளே தீட்டுற வரைக்கும் பலகையத் தொட விடமாட்டாரு. சுத்தியல மெதுவாப் பிடிச்சா, பொம்பளையக் கூப்பிடுற மாதிரி, 'நோனா, சட்டிக் கரண்டியா பிடிக்கிறீங்க?'ன்னு கேக்குறாரு" என்றாய். மாதிரி வீடு செய்ய மட்டையை வெட்டுவது எப்படி, பலகை எந்தப் பக்கம் வளையும், சாந்து எப்போது கெட்டியாகும், நீங்கள் காகிதத்தில் கோடாகப் போட்ட சுவர் நிஜத்தில் எவ்வளவு கனமானது, எல்லாம் அந்தப் பட்டறையில் படித்தாய். வரைபடத்தை அச்செடுக்கும் அறையில், அந்த மருந்து நெடியில் நாள் முழுக்கக் கண் கலங்க நின்று வேலை செய்கிற மனிதரைப் பற்றியும் சொல்லியிருக்கிறாய். கோடு மெலிதாக இருக்கிறது, அச்சில் வராது, போய்த் திரும்பப் போட்டுக்கொண்டு வா என்று அவர் உன்னைத் திருப்பி அனுப்பினார். அப்புறம்தான் உனக்குக் கோடு போட வந்தது என்று நீயே சொன்னாய். விரிவுரையாளர் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததும் பாடம்தான். அவருடையது மட்டும்தான் பாடம், மற்றதெல்லாம் கூலி வேலை என்று எவன் பிரித்தான்?

மதிப்பீட்டு நாளன்று நீங்கள் செய்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் வைப்பவர் பாஸ். வைத்ததும் வெளியே போய்விட வேண்டும். உள்ளே விரிவுரையாளர்களும் விருந்தாளிகளும் சுற்றிநின்று, இந்தக் கூரை எப்படி நிற்கும், இந்த மரம் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று உங்களைக் கேட்பார்கள். பதில் தெரியாமல் நீங்கள் விழிக்கும்போது கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார். கேட்கவும் ஆள் இல்லை, வாயைத் திறக்கவும் அவருக்கு இடம் இல்லை. கல்லூரி அச்சடித்துக் கொடுக்கும் புத்தகத்தில் எல்லோர் பெயரும் இருக்கிறது, பட்டறையின் பரப்பளவுகூட இருக்கிறது, பட்டறையில் நிற்கிறவர் பெயர் இல்லை. இவ்வளவு நாளும் அவர் பாடம் நடத்தியதை எவரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். வசதியாக இருந்தது, பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்ததும்தான், இவர் ஆசிரியர் இல்லையே, இவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஞாபகம் வருகிறது. அந்த மனிதர் பாடம் நடத்தியது குற்றம் என்றால், உன் பட்டம்தான் அதற்கு முதல் சாட்சி. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் நீ கப்பல் ஏறப்போகிறாய்.

குற்றச்சாட்டின் இரண்டாவது பகுதி, உத்தரவு இல்லாமல் ஏவினார் என்பது. அதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை. உத்தரவு இருந்தது. அது உன் வாய் வழியாகப் போனது. விரிவுரையாளர் இப்போது இல்லை என்கிறார். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மா என்னிடம் சொன்னாள். "அந்தச் சேரு கார்கிட்ட நின்னு நம்ம தம்பிகிட்ட பேசுனாருங்க. தம்பி பாஸ்கிட்ட பேசுச்சு. என்ன பேசுனாங்கன்னு எனக்கு வெளங்கலீங்க, இங்கிலீசும் சிங்களமுமால்ல பேசுறாங்க." அவள் கண்டது அவ்வளவுதான். இரண்டு பக்கமும் விளங்கியவன் இந்த நாட்டிலேயே நீ ஒருவன்தான்.

உன் பெரியப்பாவை நினைத்துப் பார். இறம்பொடைப் பக்கம் கங்காணியாக இருந்தவர். சுதந்திரம் வந்த புதிது. அடைமழையில் தண்ணீர்க் கான் வெட்ட ஆட்களை இறக்கச் சொல்லித் துரை கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை உன் பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா ஆட்களை இறக்கினார். மண் சரிந்து ஒருவருக்கு இடுப்பு போனது. துரை, நான் அப்படிச் சொல்லவில்லை என்றார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். துரை சொன்னது என் காதில் விழவில்லை என்றார். பெரியப்பாவுக்கு வேலை போனது, வேலையோடு லயத்துக் காம்பராவும் போனது. சட்டி பானையோடு பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உன் பாயில் உன் அண்ணன்மாரும் படுத்தார்கள், நீ காலை நீட்ட இடமில்லாமல் அழுதாய். சில மாதம் கழித்து அந்தக் கணக்கப்பிள்ளை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வந்தாரா, சும்மா வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியப்பா வாங்க என்று சொல்லி உட்காரவைத்தார். அம்மா உனக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். நீ சின்னப் பையன், பசியோடு இருந்தாய். அந்தப் பழத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த மலைநாட்டில் உத்தரவு எப்போதும் வாய் வழியாகத்தான் இறங்கும். துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கு, அவரிடமிருந்து கங்காணிக்கு, அங்கிருந்து ஆட்களுக்கு. கெட்டது நடந்தால் மேலே சொன்ன வாய் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். நடுவில் நிற்கிறவன் காது அன்றைக்கு மட்டும் அடைத்துப்போகும். உன்னைப் படிக்கவைத்தால் நீ இந்தச் சங்கிலியிலிருந்து கழன்றுவிடுவாய் என்று நான் நம்பினேன். நீ நேரே போய்க் கணக்கப்பிள்ளை நின்ற இடத்தில் நிற்கிறாய். அவருக்கு ஒரு லயத்துக் காம்பராவும் அஞ்சு பிள்ளைகளும் இருந்தன. உனக்கு இருப்பது ஒரு கப்பல் சீட்டு.

அந்தப் புலமைப்பரிசிலுக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்தவர் அந்த விரிவுரையாளர்தான் என்பது எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்தால் அவர் அதைத் திருப்பி வாங்கலாம் என்று பயப்படுகிறாய். வாங்கலாம்தான். அப்படி நடக்காது என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. எத்தனையோ பேர் இதைவிடச் சின்ன உண்மைக்காக இதைவிடப் பெரியதை இழந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறேன். எழுதிய அன்றைக்கு நாலு பேர் படிப்பார்கள், மறுநாள் அந்தத் தாளில் பருப்பு மடிப்பார்கள். உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று உனக்கு ஆசை காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உன் இழப்பு எனக்கும் அம்மாவுக்கும் சின்னதில்லை. கப்பலைத் துறைமுகத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று அவள் ஒரு புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். காலையில் பாஸ் வந்தார். தோட்டத்தில் விட்டுவந்த தச்சு ஆயுதங்களை எடுக்கக் கொட்டகலைக்குப் போய்விட்டுக் கொழும்புக்குத் திரும்புகிற வழியில் ஹட்டனில் இறங்கியிருக்கிறார். ஆயுதச் சாக்கு ஒரு தோளில், குற்றச்சாட்டுக் காகிதம் சட்டைப்பையில். உன் கடிதம் வந்து கிடப்பது அவருக்குத் தெரியாது. நீ எழுதிக் கொடுத்ததும் தெரியாது. அம்மா ரொட்டி சுட்டுச் சம்பலோடு வைத்தாள். அவர் நல்ல சத்தமாகச் சாப்பிடுவார், நல்ல சத்தமாகப் பேசுவார். அவருடைய தமிழ் உனக்குத் தெரியுமே.

"அக்கா, கூரை பாதிதான். ஆயா புள்ளைங்க எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கு. மத்தப் பக்கம் மழை. நான் போட்டுத் தாறேன்னு சொன்னேன். துரை, வேணாம், நீ இங்க வேலை செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

"நீங்க சாப்பிடுங்க பாஸ்" என்றாள் அம்மா. அவள் குரல் சரியாக இல்லை.

"எனக்குப் பயம் இல்ல அக்கா. பையனை ஏத்துனது நான்தான். அது நான் சொல்லுவேன். ஆனா சொல்லாம ஏத்தல. சேர் சொன்னார், அதனால ஏத்தினேன். அதுதானே உண்மை. அது அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"வெசாரண எந்த மொழியிலங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இங்கிலீசுதான் மாத்தயா. சிங்களம் ராஜ பாஷைன்னு சட்டம் போட்டாச்சு. எங்க ஆபீசுக்கு இன்னும் சொல்லலபோல. மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. யாருன்னு கேட்டாங்க. நான் உங்க மகன் பேரைக் குடுத்தேன்."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அவன் கப்பலுக்குப் போகிறவன், வேலை இருக்கும், வேறு ஆள் யாரும் இல்லையா என்று நான்தான் இழுத்தேன். "வேற யாரு மாத்தயா?" என்றார் அவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "அன்னிக்கும் அவன்தானே சொன்னான். ஒழுங்காச் சொல்லுவான். ஒரு சொல்லு கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். புத்தா நல்லவன்." உன்னை அவர் புத்தா, மகன், என்றுதான் சொல்வார். போகும்போது அம்மாவைப் பார்த்து, "அழாதீங்க அக்கா, கப்பல்ல போறவன் திரும்பி வருவான்" என்றார். அவள் அழுததற்கு அவர் நினைத்த காரணம் அதுதான்.

அவர் தெருவில் இறங்கிப் போனதும், "ஏன் சொல்லல நீங்க?" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏன் சொல்லல?" என்றேன். நீ எழுதியதை நாங்கள் எப்படிச் சொல்வது? அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

இந்தக் கடிதத்தை என் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன், தம்பி. விசாரணை முடிந்த பிறகுதான் வரும். உன் பெயர் அதில் இருக்காது, கல்லூரியின் பெயரும் இருக்காது. பாஸை மட்டும் பியதாச என்று அதில் எழுதியிருக்கிறேன், அதுவும் அவருடைய பெயர் அல்ல. கூரை ஏற்றுகிறவர், அச்செடுக்கிறவர், பட்டறையைக் கூட்டித் திறந்து வைக்கிறவர், இவர்களிடம் படித்துவிட்டு இவர்களை வெளியே நிறுத்துகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது சேரட்டும். உனக்கு மட்டும் விசாரணைக்கு முன்பே வந்து சேருகிறது. செவ்வாய்க்கிழமை தபாலில் உன் கையில் கிடைக்கும். எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்துவதற்கு ஒரு நாள் இருக்கிறது. பயமாக இருந்தால் புதன்கிழமையே பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டுக்குப் போய், இப்படி எழுதிவிட்டேன் பாஸ் என்று சொல். அவர் கத்துவார். கத்தட்டும்.

இதில் எதையும் செய்யாமலும் இருக்கலாம். அப்படியிருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்தமாதிரியே எழுதுகிறேன், எத்தனையோ விசாரணைகளை எழுதியவன் நான். வியாழக்கிழமை காலை முதல் ரயிலில் நான் வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஒரு நீள மேசை. ஒரு பக்கம் அவர்கள். எதிரே இரண்டு நாற்காலி, ஒன்றில் பாஸ், அவருக்குப் பக்கத்தில் நீ. பாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார். அவர்கள் ஒவ்வொரு காகிதமாக எடுத்து ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். ஒவ்வொன்றையும் நீ அவருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். கடைசியில் உன் காகிதத்தை எடுப்பார்கள். அதையும் வாசிப்பார்கள். பாஸ் ஒன்றும் விளங்காமல், அன்று கொட்டகலையில் கேட்டதைப் போலவே, முழு நம்பிக்கையோடு உன் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"மொகத கிவ்வே?"